ஆட்சேபணை இல்லையே சார்?

சேலம் ஜங்ஷன் என்று பேர்தான் சேலத்துக்கு. ஸ்டேஷன் இருப்பது எங்கள் சூரமங்கலத்தில். ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தால் எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்பது படுக்கையிலேயே காதில் விழும். இந்தச் சத்தத்திலேயே வளர்ந்து, ஜவ்வரிசி வியாபாரத்துக்காக முப்பது வருஷத்துக்கு மேல் ஈரோட்டுக்கும் சென்னைக்கும் ரயிலிலேயே அலைந்தவன் நான். வண்டியைத் தவறவிட்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஏறிப் படுக்கை விரித்த பிறகு.

காரணம் சிகரெட். வேறென்ன?

என்னைப்பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயிலில் புகைக்கக் கூடாது என்று ஒவ்வொரு தடவை கட்டுப்பாடு வந்தபோதும் நான் சிகரெட்டை விட்டவனல்ல, இடத்தை விட்டவன். சீட்டிலிருந்து கதவோரம் போனேன். கதவோரத்திலிருந்து கக்கூஸுக்குப் போனேன். அதற்கப்புறம் போன இடங்களைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் ரயிலேற ஆரம்பித்த எண்பதுகளில் நடப்பிலிருந்தது வெள்ளைக்காரன் காலத்து 1890-ஆம் வருஷச் சட்டம். பெட்டியில் இருக்கிற மற்றவர்களின் சம்மதம் இல்லாமல் புகைத்தால் இருபது ரூபாய் வரை அபராதம். 1989-இல் புதுச் சட்டம் எழுதினார்கள். அதில் 167-வது பிரிவு, சக பயணி யாராவது ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது, மீறினால் நூறு ரூபாய் வரை அபராதம் என்றது. நூறு ரூபாயைப் பார்த்து எல்லோரும் சட்டம் கடுமையாகிவிட்டது என்றார்கள். எனக்கென்னவோ இளகிவிட்டதாகத்தான் பட்டது. முன்னே சம்மதம் கேட்க வேண்டியது புகைக்கிறவன் வேலை. இப்போது வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியது மூக்கைப் பொத்துகிறவர் வேலை. நம் ஊரில் முன்பின் தெரியாத ஆளிடம் அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

அந்தக் கூச்சத்தில்தான் நான் பல வருஷம் குளிர்காய்ந்தேன். அதற்கென்று ஒரு முறையே வைத்திருந்தேன். முதலில் பற்ற வைப்பது. ஒரு இழுப்பு இழுத்து, புகையை ஜன்னல் பக்கம் விடுவதுபோல் பாவனை செய்து, பிறகு எதிர் சீட்டுக்காரரிடம், “ஆட்சேபணை இல்லையே சார்?” என்பது. பேச்சு வழக்கில் ஆட்சேபணை என்று யார் சொல்வார்கள்? அந்த வார்த்தையைக் கேட்டதுமே மனிதர்கள் கோர்ட்டில் நிற்கிற மாதிரி பதறி, “அய்யோ, பரவால்லீங்க” என்பார்கள். பெண்களிடம் கேட்டதே கிடையாது. கேட்காததற்கு மரியாதை என்று பேர் வைத்திருந்தேன்.

ஒரு நாள் ஈரோடு பாசஞ்சர். மகுடஞ்சாவடி தாண்டியிருக்கும். எதிரே ஒரு பெரியவர், பக்கத்தில் மடியில் டிபன் பாக்ஸோடு பத்து வயசுப் பிள்ளை. வழக்கம்போல் பற்ற வைத்துப் பெரியவரைக் கேட்டேன். அவர் பரவால்லீங்க என்று ஆரம்பிப்பதற்குள் அந்தப் பிள்ளை, “எனக்கு இருக்குங்க மாமா” என்றது.

பெட்டியே என்னைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு இப்படியும் பதில் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. விரலிடுக்கில் சிகரெட் புகைந்துகொண்டிருக்க, “எத்தனாவது படிக்கிற கண்ணு?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது. அது பதில் சொல்லவில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டது. எழுந்து கதவோரம் போய்ச் சங்ககிரி மலையை முதல் தடவையாகப் பார்க்கிறவன்போல் ஈரோடு வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். மலை வண்டிக்குப் பின்னால் போய் மறைந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்தேன்.

அதற்குப் பிறகு கதவோரமே என் இடம். 1999-இல் ஸ்டேஷனிலும் வண்டியிலும் சிகரெட், பீடி விற்பதை ரயில்வே நிறுத்தியது. நான் ஜங்ஷனுக்கு வெளியே பெட்டிக்கடையில் இரண்டு பாக்கெட்டாக வாங்க ஆரம்பித்தேன். பற்றாக்குறை வருமோ என்ற பயத்தில் முன்னைவிட அதிகம் பிடித்தேன். 2001 நவம்பரில் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், ரயில் உட்பட பொது இடங்களில் புகைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பேப்பரில் அந்தச் செய்தியைக் கதவோரம் புகைத்தபடியே படித்தேன். காற்றில் பேப்பர் பறந்துவிட்டது. அதோடு அந்த விஷயம் முடிந்ததென்று இருந்துவிட்டேன்.

2008 அப்படி விடவில்லை. அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ், காந்தி ஜெயந்தியிலிருந்து நாடு முழுக்கப் பொது இடங்களில் புகைத்தால் இருநூறு ரூபாய் வரை அபராதம் என்று விதியைக் கொண்டு வந்தார். டிவியில் அதே பேச்சு. காந்தி மேல் சத்தியம், அக்டோபர் 2-ஆம் தேதியிலிருந்து தொடமாட்டேன் என்று வீட்டில் அறிவித்தேன். என் மனைவி, “காந்தி தாங்குவாருங்க, நீங்க தாங்குவீங்களா?” என்றாள்.

மூன்று வாரம் தாங்கினேன். நான்காவது வாரம் சென்னைக்குப் போகிற பகல் வண்டி. டேனிஷ்பேட்டை, லோக்கூர் பக்கம் ரயில் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். அந்தக் காற்றும் அந்த நிழலும் சேர்ந்தால் எனக்குக் கை தானாகப் பைக்குப் போகும். கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுப் பற்ற வைத்தேன். பொம்மிடியில் கதவைத் தட்டினார்கள். திறந்தால் டிடிஇ. நான் பேசவில்லை. எனக்கு முன்னால் புகை வெளியே போய்ப் பேசிவிட்டது.

நல்ல மனிதர். ஒரு வார்த்தை திட்டவில்லை. இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பொறுமையாக ரசீது எழுதினார். பேர், தேதி, வண்டி எண், குற்றம் எல்லாம் குண்டு குண்டான எழுத்தில். அதை நான் ஜன்னல் வழியே வீசியிருக்க வேண்டும். பல வருஷ வியாபாரப் புத்தி, ரசீது என்றால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டது. துவைக்கப் போடும்முன் பையைத் துழாவுகிற பழக்கம் என் மனைவிக்கு உண்டு. அந்த ரசீது பல வருஷம் எங்கள் வீட்டு சாமி அலமாரியில் காந்தி படக் காலண்டருக்கு அடியில் இருந்தது. யார் வந்தாலும் காட்டுவாள்.

இனி மாம்பழக் கதை. கொரோனாவுக்கு முந்தின சீசன். சென்னையில் இருக்கிற மகளுக்கு ஒரு கூடை மல்கோவா. விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகிற ராத்திரி வண்டி சேலத்திலிருந்தே கிளம்புகிறது. அதனால் எங்களைப் போன்ற சூரமங்கலத்துக்காரர்கள் முன்கூட்டியே போய், பெட்டியை வீடு மாதிரி ஆக்கிக்கொள்வோம். நானும் கூடையைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, பேண்ட்டைக் கழற்றி மடித்து வைத்து, லுங்கிக்கு மாறி, செல்போனைச் சார்ஜில் போட்டு, செருப்பைக் கூடையோடு கூடையாக உள்ளே தள்ளிவிட்டுப் படுத்தேன். கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. பத்து நிமிஷம் என்றால் எனக்கு ஒரு சிகரெட் என்று அர்த்தம்.

பிளாட்பாரத்திலும் புகைக்கக் கூடாதுதானே. அதனால் கூரை முடிகிற இடம் தாண்டி, விளக்கில்லாத ஈரோட்டுப் பக்க முனைக்கு வெறுங்காலோடு நடந்தேன். அங்கே ஏற்கெனவே இரண்டு நெருப்புப் புள்ளிகள் இருட்டில் தெரிந்தன. முகம் தெரியாத அந்த இரண்டு பேரும் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். வயசானவர் ஒருவர். இன்னொருவர் பேச்சை வைத்துப் பார்த்தால் நாமக்கல் பக்கத்து லாரிக்காரர். பேச்சு முட்டை விலையில் ஆரம்பித்து டீசல் விலைக்கு வந்தது. வண்டி நகர்கிறது என்று சொன்னதே அந்த லாரிக்காரர்தான். “போகுதுங்க ஏதோ வண்டி” என்றார்.

ஓடினேன். ஐம்பது தாண்டிய உடம்பு, ஒரு கையில் லுங்கி, இன்னொரு கையில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த சிகரெட். அதைக் கீழே போட்டிருந்தால் கம்பியைப் பிடித்திருப்பேனோ என்னவோ. கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணையாமல், அவசரப்படாமல், என் கண் முன்னாலேயே சின்னதாகிக்கொண்டே போனது.

வண்டி அடுத்து நிற்கிற இடம் சேலம் டவுன். ஆட்டோவில் போனால் பிடித்துவிடலாம் என்று கூட்டத்தில் யாரோ ஆசை காட்டினார்கள். ஆட்டோக்காரத் தம்பி என் கோலத்தைப் பார்த்து, “ஆஸ்பத்திரிக்குங்களாண்ணா?” என்றார். ஐந்து ரோட்டு சிக்னலில் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, ரயிலுக்கு சிக்னல் விழுந்துவிட்டது, நமக்கு விழவில்லை. டவுன் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தபோது பிளாட்பாரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. அவ்வளவுதான். ஆட்டோவுக்குக் கொடுக்கச் சட்டைப் பையைத் துழாவினேன். வில்ஸ் பாக்கெட்டும் தீப்பெட்டியும் இருந்தன. பர்ஸ், மடித்து வைத்த பேண்ட்டோடு ஆத்தூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அதே ஆட்டோவில் வீட்டுக்கு வந்து காலிங் பெல் அடித்தேன். கிளம்பிப் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்தவள் லுங்கியைப் பார்த்தாள், வெறுங்காலைப் பார்த்தாள். “ஏங்க, சென்னை அவ்வளவு கிட்ட வந்துருச்சா?” என்றாள். ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துவிட்டு என் செல்லுக்குப் போட்டாள். எதிர் பெர்த்துப் பையன் எடுத்து, “சார் பாத்ரூம்ல இருக்காருங்க ஆண்ட்டி, ரொம்ப நேரமா வரலை, தட்டிப் பார்க்கவா?” என்றானாம்.

கூடையும் செருப்பும் பேண்ட்டும் காலையில் ஒழுங்காக எழும்பூர் போய்ச் சேர்ந்தன. மாப்பிள்ளை போய் இறக்கிக்கொண்டார். “பழம் நல்லா இருக்குங்க மாமா. நீங்க எப்ப வர்றீங்க?” என்று போன் செய்தார். கேலியா அக்கறையா என்று பிரித்தறிய முடியாத குரல் அவருக்கு.

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் என் அண்ணன் மகன். வெளிநாட்டு உல்லாசக் கப்பலில் சமையல் வேலை. “சித்தப்பா, நீங்க எங்க கப்பல்ல வரணும். உங்கள மாதிரி ஆளுங்க அங்க ஏராளம்” என்றான். அவன் சொல்லச் சொல்ல எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1998-இல் கார்னிவல் நிறுவனம் ‘பாரடைஸ்’ என்று ஒரு கப்பலை விட்டதாம். அதில் எங்குமே புகைக்கக் கூடாது. கையும் களவுமாகப் பிடித்தால் இருநூற்றைம்பது டாலர் அபராதம், அடுத்த துறைமுகத்தில் மூட்டை முடிச்சோடு இறக்கிவிடுவார்கள். டிடிஇ எவ்வளவு நல்லவர்! ஆனால் அந்தப் பரீட்சை சில வருஷத்தில் கைவிடப்பட்டது. புகைக்காதவர்கள் குடிப்பதும் குறைவு, சூதாடுவதும் குறைவு, வரும்படி படியவில்லை என்று கப்பல்காரர்கள் நடுவே பேச்சு.

2006 மார்ச்சில் ஜமைக்காவுக்குப் பக்கத்தில் ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலின் பால்கனியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கான அறைகள் சேதமாகி, ஒரு பயணி இறந்தும் போனார். அணையாத சிகரெட் துண்டாக இருக்கலாம் என்றது விசாரணை. அதற்கப்புறம் ஒவ்வொரு கம்பெனியாக முதலில் அறைக்குள், பிறகு 2014 வாக்கில் பால்கனியிலும் தடை. காசு கொடுத்து பால்கனி அறை எடுத்தவர்கள் கொந்தளித்தார்களாம்: நான் வாங்கின கடல், நான் வாங்கின காற்று என்று. இப்போது திறந்த தளத்தில் ஒரு மூலையைக் காட்டிவிடுகிறார்கள். அந்த மூலையில்தான் கப்பலிலேயே ரொம்ப சிநேகமான ஆட்கள் இருப்பார்கள் என்றான். எனக்கு இருட்டில் இடம் விட்ட அந்த இரண்டு பேர் ஞாபகம் வந்தது.

2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கே உல்லாசக் கப்பல் கிளம்பியது. திருகோணமலையும் போகிறது என்று கேட்டதிலிருந்து என் மனைவிக்குக் கோணேசர் கோயிலைப் பார்த்துவிட வேண்டும். அடுத்து ஒரு சீசனில் மகன் இரண்டு டிக்கெட் போடக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். நான் கேட்டது ஒரே கேள்வி: “அதுல தம் அடிக்க எடம் எங்க இருக்கு?”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ரயில்னா எறங்கிட்டு வீட்டுக்கு வந்தீங்க. கப்பல்ல எறங்கினா எங்கங்க வருவீங்க?” என்றாள். அந்த இரண்டாவது டிக்கெட்டில் அவள் தங்கச்சி பேர் ஏறியது.

சென்னை வரைக்கும் அவர்களுக்கு வந்தே பாரத். அந்த வண்டி எனக்குப் பரிச்சயம்தான், ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். நாலு மணி நேரத்துக்குள் சென்னை, ஆனால் சாய்ந்து நிற்கக் கதவில்லை, திறக்க ஜன்னலில்லை. கக்கூஸில் புகையை மோப்பம் பிடிக்கிற கருவி வேறு. 2023 ஆகஸ்டில் திருப்பதி–செகந்திராபாத் வந்தே பாரத்தில் டிக்கெட் இல்லாத ஒரு மகராசன் கக்கூஸுக்குள் பூட்டிக்கொண்டு பற்ற வைக்க, அலாரம் அடித்து, தீயணைப்புத் தூள் பீய்ச்சி, கூடூர் பக்கம் மனுபோலுவில் வண்டியே நின்றுபோனது. பேப்பரில் அதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அண்ணன் தம்பியைப் பற்றிப் படிக்கிற மாதிரி இருந்தது. நான் போன அன்றைக்குக் கிராம்பை மென்றேன். சென்ட்ரலில் இறங்கும்போது நாக்கு மரத்துப்போய் ஆட்டோக்காரரிடம் மயிலாப்பூர் என்று சொல்ல வரவில்லை.

கப்பலுக்குக் கிளம்பிய காலை, பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து அக்கா தங்கை இரண்டு பேரையும் ஏற்றிவிட்டேன். கதவு தானாக மூடிக்கொண்டது. அவள் ஜன்னலோரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. நான் காதில் கை வைத்துக் காட்டினேன். அவள் இரண்டு விரலை உதட்டில் வைத்து எடுத்தாள். அப்புறம் அதே விரலை ஸ்டேஷன் வாசல் பக்கம் நீட்டினாள்.