கட்டிலுக்கு அடியில் ஓர் என்ஜின்

கொலம்பஸ், இந்தியானா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கரூரில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். இங்கே பனி விலகியதும் மனிதர்களுக்கு ஒரு ஜுரம் காண்கிறது. இருக்கிற வீடு போதாதென்று, சக்கரம் வைத்த இன்னொரு வீட்டை வாங்கி ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகும் ஜுரம். அந்த வீட்டுக்கு மோட்டார்ஹோம் என்று பெயர். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதிக்கு இந்த வருடம் அது கண்டிருக்கிறது. உங்கள் அண்ணன் மகன் பஸ் பாடி கட்டும் ஊரில் பிறந்தவன் என்று எப்போதோ சொல்லிவிட்டான். அன்றுமுதல் வண்டி பார்க்கக் கிளம்பினால் அவனையும் ஏற்றிக்கொள்கிறார்கள். அவன் பிழைப்பு கம்ப்யூட்டரில் என்பதையோ, ஸ்பானர் பிடித்து அறியாதவன் என்பதையோ அவர்கள் சட்டை செய்வதில்லை.

இந்த ஊரே டீசல் ஊர்தான். கம்மின்ஸ் கம்பெனி 1919-இல் இங்கேதான் தொடங்கியது. நம் பக்கத்தில் லாரிக்காரர்கள் வாயில் புழங்கும் அதே கம்மின்ஸ். 1962-இல் கிர்லோஸ்கரோடு சேர்ந்து புனேவுக்கு வந்ததும் இதுவே. வடக்கே சில மணி நேரம் ஓட்டினால் எல்கார்ட் வரும். அமெரிக்காவின் சக்கர வீடுகளில் பெரும்பங்கு அந்த வட்டாரத்தில் உருவாகிறது. போன சனிக்கிழமை ஊர்வலம் அங்கேதான் போயிற்று.

விற்பனைக்காரர் கதவைத் திறந்ததும் ஆசிரியரம்மா சமையல் மேடைக் கல்லைத் தடவிப் பார்த்தார். ஆசிரியர் சோபாவில் சாய்ந்து பார்த்தார். சுவரில் மின்சாரத்தில் எரிகிற பொய் அடுப்பு, அதற்கு மேலே டிவி, உள்ளே துணி துவைக்கும் மெஷின். எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்தது. ‘ஆயில் டிப்ஸ்டிக் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டதற்கு மட்டும் விற்பனைக்காரர் சிரித்துக்கொண்டே வேறொருவரைக் கூப்பிட்டார். வந்தவர் நேராகப் படுக்கையறைக்குப் போய்க் கட்டிலைத் தூக்கினார்.

ஆமாம் சித்தப்பா, கட்டிலைத்தான். மெத்தையும் பலகையும் சேர்ந்து மேலே எழும்பின. அடியில் ஒரு மூடி. அதைக் கழற்றினால் ஆறு சிலிண்டர் என்ஜின். பின்னால் என்ஜின் வைத்த இந்த வண்டிகளை டீசல் புஷர் என்கிறார்கள். ஓட்டுகிறவருக்குச் சத்தமும் இல்லை, சூடும் இல்லை. நாற்பது அடி நீள வண்டியில் என்ஜின் கடைக்கோடியில் கிடந்தால் யார் காதில் விழப்போகிறது? ஆனால் இன்ஜெக்டரையோ டர்போவையோ தொட வேண்டுமென்றால் மெக்கானிக் பூட்ஸ் காலோடு படுக்கையறைக்கு வர வேண்டும். சில வண்டிகளில் மூடி துணி அலமாரியின் தரைக்குக் கீழே இருக்கிறது. புடவைக்கு இங்கே வேலையில்லை; ஆனால் கோட்டு சூட்டெல்லாம் வெளியே வந்தாக வேண்டும்.

இப்படி ஏன் செய்கிறார்கள் என்பது உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கரூரில் நடக்கிற அதே கதை. லேலண்ட் சேசிஸ் ஒரு பக்கமிருந்து வருகிறது, பாடியைப் பட்டறை கட்டுகிறது. இங்கேயும் சேசிஸ் தென் கரோலினாவின் காஃப்னியில் ஃப்ரைட்லைனர் செய்வதாக இருக்கும், அல்லது மிச்சிகனின் ஷார்லட்டில் ஸ்பார்ட்டன் செய்வதாக இருக்கும். சேசிஸ் வெறுமனே நிற்கும்போது என்ஜினைச் சுற்றி வலம் வரலாம். எந்த போல்ட்டும் கைக்கு எட்டும். பிறகு வீடு கட்டுகிறவர் வருகிறார். அவருக்கு அலமாரி எங்கே, குளியலறை எங்கே என்பதுதான் கவலை. ஃபில்டருக்கு நேராக ஒரு பலகை வந்துவிட்டால் அது அவர் கண்ணில் படுவதில்லை. ஒரே சேசிஸ், ஒரே என்ஜின், இரண்டு கம்பெனிகளின் வீடு; ஒன்றில் ஃபியூயல் ஃபில்டர் மாற்றுவது சுலபம், மற்றொன்றில் படுத்துக்கொண்டு கையை மட்டும் விட்டுத் தடவி மாற்ற வேண்டும். இரண்டின் விளம்பரத் தாளிலும் எழுதியிருப்பது குதிரைத் திறன் மட்டும்தான்.

இன்னொரு வேடிக்கை உண்டு. இந்த வீடுகளின் சுவர்கள் நிறுத்திய பிறகு வெளியே தள்ளிக்கொள்ளும்; ஸ்லைடு என்கிறார்கள். கட்டிலும் பல வண்டிகளில் அந்த ஸ்லைடு மேல்தான். ஸ்லைடை வெளியே தள்ளினால்தான் கட்டில் நகரும், கட்டில் நகர்ந்தால்தான் மூடி திறக்கும். பாட்டரி செத்து நடுவழியில் நின்றால்? சாலையோரம் தள்ள இடமில்லாவிட்டால்? ‘ஸ்லைடு உள்ளே இருக்கும்போது என்ஜினை எட்ட முடியுமா?’ இதை விற்பனைக்காரரிடம் கேட்டு, சொல்லை நம்பாமல், ஸ்லைடை உள்ளே இழுத்துக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆசிரியர் கேட்டார். காட்டினார்கள். மூடி பாதிதான் திறந்தது.

அடுத்தது ரேடியேட்டர். உண்மையான பிரிவினை இங்கேதான். ரேடியேட்டர் வண்டியின் பின்முகத்தில் இருந்தால், பின்கதவைத் திறந்தவுடன் தெரிவது ரேடியேட்டர் மட்டும். என்ஜின் அதற்கு அப்பால் ஒளிந்துகொள்ளும். ஃபேன் பெல்ட் மாற்றவும் கட்டில்வழி, அல்லது தரைவழி. விலாப்பக்கத்தில் இருந்தால் பின்கதவைத் திறந்ததும் பெல்ட், பம்ப், ஆல்டர்னேட்டர் எல்லாம் நேராகக் கண்முன் நிற்கும். நின்றபடியே வேலை செய்யலாம். அதற்கும் ஒரு விலை இருக்கிறது. பின் ரேடியேட்டருக்கு ஃபேன் சாதாரண பெல்ட்டில் ஓடிவிடும். பக்க ரேடியேட்டருக்குப் பெரும்பாலும் ஹைட்ராலிக் மோட்டார் வைக்கிறார்கள். அது கெட்டால் செலவு கையைக் கடிக்கும்.

பின் ரேடியேட்டருக்குப் பிறவிக் குறை ஒன்று இருக்கிறது. பழைய என்ஜின்களில் கிராங்க்கேஸ் மூச்சுவிடும் குழாய் கீழே திறந்த வாயோடு தொங்கும். அதிலிருந்து எண்ணெய் ஆவியாகவும் சொட்டாகவும் வரும். ஃபேன் அதை இழுத்து ரேடியேட்டர் மேல் பூசும். பின்சக்கரம் கிளப்பும் புழுதி அதில் போய் ஒட்டும். அழுக்கு படிவது என்ஜின் பக்கத்து முகத்தில். வெளியே நின்று பார்க்கிறவருக்கு ரேடியேட்டர் பளபளவென்று தெரியும். வண்டி மலை ஏறும்போதுதான் வெப்பமுள் ஏறி விஷயத்தைச் சொல்லும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அந்தக் குழாயை நீட்டி ஃபேனுக்கு அப்பால் விடுகிறார்கள். வருடம் ஒருமுறை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் சோப்புத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறார்கள். பிரஷர் வாஷரை வேகமாகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த காற்றுவழியும் அடைபட்டுப் போகும். பழைய வண்டி வாங்கப் போனால் டார்ச் விளக்கோடு கட்டில் மூடிக்குள் தலையை விட்டு ரேடியேட்டரின் உள்முகத்தைப் பார்ப்பது முதல் காரியம். ஆசிரியரம்மா கைப்பையில் இப்போது ஒரு டார்ச் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

முன்னால் டீசல் என்ஜின் வைத்த மோட்டார்ஹோம்களும் கொஞ்சம் உண்டு. ஓட்டுகிறவருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே பெட்டி போட்டு மூடியிருப்பார்கள். நம் டவுன் பஸ்ஸில் கூட்டம் சேர்ந்தால் பிள்ளைகளை உட்கார வைக்கும் அந்த பானட்டேதான். மூடியைத் தூக்கினால் என்ஜினின் மேல்பாகம் சுலபமாகக் கிடைக்கும். சூடும் சத்தமும் இலவசமாகக் கிடைக்கும். கோடையில் அந்தப் பக்கத்துக் கால் வெந்துபோகும் என்று நம் டிரைவர்கள் சொல்வதை ஆசிரியரிடம் சொன்னபோது, அந்த வரிசையில் நின்ற வண்டிகளை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

சின்ன வண்டிகளில் கதை வேறு. மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர் வேன் மேல் கட்டிய வீடுகள் அழகானவை, டீசல் சிக்கனமானவை. முன்மூக்கு குட்டை. என்ஜினின் பாதி டாஷ்போர்டுக்கு அடியில் நுழைந்துவிடும். பல வருடங்கள் இதில் வந்த மூன்று லிட்டர் வி6 என்ஜினில் ஆயில் கூலர் இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கும் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் சீல் கசிவது ஊரறிந்த சங்கதி. சீல் சில்லறைக் காசு. அதை எட்ட டர்போவையும் இன்டேக் குழாய்களையும் கழற்றி வைக்க வேண்டும். பட்டறைக்காரர் கூலி மணிக்கணக்கில் ஓடுகிறது. கனரக டீசல் பட்டறைகளில் மணிக்கு 150 டாலருக்கு மேல் கேட்பது இங்கே சாதாரணம்.

ஃபோர்டு பிக்கப்புகளில் 6.0, 6.4 லிட்டர் டீசல் வந்த காலத்தில் மெக்கானிக்குகள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். பெரிய வேலை என்றால் கேபினை அப்படியே லிஃப்டில் தூக்கிவிடுவார்கள். என்ஜின் நடுத்தெருவில் நிற்பது மாதிரி நிற்கும். கேபினோடு வீட்டையும் ஒட்டிக் கட்டிவிட்ட வண்டியில் எதைத் தூக்குவது?

லாரி சேசிஸ் மேல் கட்டிய பெரிய ரகம் ஒன்று இருக்கிறது. அதில் முன்மூக்கு முழுவதும் கவிழ்ந்து திறக்கும். இரண்டு பக்கமும் நின்று வேலை பார்க்கலாம். எந்த நெடுஞ்சாலை லாரிப் பட்டறையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். அதைவிட மேல் என்றால் கனடாவின் கியூபெக்கில் செய்யும் ப்ரேவோ பஸ்ஸைத்தான் சொல்ல வேண்டும். பயணிகள் பஸ்ஸாகப் பிறந்ததை வாங்கி உள்ளே மாளிகை கட்டுகிறார்கள். பின்கதவைத் திறந்தால் என்ஜின் முழுதாக முன்னே வரும். பஸ் முதலாளிக்கு வண்டி நின்ற ஒவ்வொரு மணியும் நட்டம். அவர் சொற்படி வடிவமைத்தவர்கள் மெக்கானிக்கின் கையை முதலில் அளந்திருக்கிறார்கள். வீடு வாங்குகிறவர் கேட்பதோ சமையல் மேடைக் கல். ப்ரேவோவின் விலையைக் கேட்டு ஆசிரியர் சற்று நேரம் தண்ணீர் குடித்தார்.

பராமரிப்பு என்றால் ஆயில் மாற்றுவதோடு முடிவதில்லை. 8.9 லிட்டர் கம்மின்ஸ் ஒருமுறைக்கு ஏறத்தாழ 26 லிட்டர் ஆயில் குடிக்கிறது. வடிக்கப் பாத்திரம் தேடுவதே ஒரு வேலை. கூலண்டையும் கவனிக்க வேண்டும். 8.3 லிட்டர் கம்மின்ஸில் கழற்றக்கூடிய சிலிண்டர் லைனர்கள், வெளிப்புறம் கூலண்ட் தொடும். கூலண்ட் மருந்து குறைந்தால் லைனர் மேல் புள்ளி புள்ளியாகக் குழி விழும். 5.9 லிட்டருக்கு லைனரே கிடையாது. பிளாக்கில் நேராகத் துளையிட்டது. ஆனால் 2000-ஐ ஒட்டி வந்த சில 5.9 பிளாக்குகளில் ‘53’ என்ற எண் வார்ப்பிலேயே இருக்கும். அவற்றில் தண்ணீர்ச் சுவர் மெலிந்து வெடிப்பு கண்டது. அந்த எண்ணைப் பார்க்கவும் படுத்துத்தான் ஆக வேண்டும்.

படுப்பதில்தான் ஆபத்து. இந்த வண்டிகள் ஏர் சஸ்பென்ஷனில் நிற்பவை. பதினான்கு டன் வண்டி, காற்று இறங்கினால் சொல்லிக்கொள்ளாமல் உட்கார்ந்துவிடும். சேசிஸுக்கு அடியில் இரும்புத் தாங்கி கொடுக்காமல் யாரும் உள்ளே நுழையக் கூடாது. நம் பட்டறைப் பையன்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். இப்போது அங்கேயும் ஏர் பஸ்கள் பெருகிவிட்டன அல்லவா.

2010-க்குப் பிறகு வந்த வண்டிகளில் யூரியாக் கரைசல் டாங்கும் சேர்ந்துகொண்டது, அங்கே பிஎஸ்6 லாரிகளில் இருப்பதுபோல. அதன் சென்சார் கெட்டால் கம்ப்யூட்டர் வண்டியை மெல்ல மெல்ல அடக்கி, கடைசியில் மணிக்கு 5 மைலில் நகர விடும்படி அமைத்திருந்தார்கள். 2021-இல் சிப் தட்டுப்பாட்டால் அந்த சென்சார் கிடைக்காமல் பல மோட்டார்ஹோம்கள் நின்றுவிட்டன. அதனால் சிலர் பழைய வண்டியே மேல் என்கிறார்கள். பழையதில் வேறு சிக்கல்: ஃப்ளீட்வுட், மொனாக்கோ இரண்டும் 2009-இல் திவாலாயின. என்ஜின் நம்பரைச் சொன்னால் கம்மின்ஸ்காரர் எந்த போல்ட்டையும் எடுத்துத் தருவார். வயர் எந்தச் சுவருக்குள் போகிறது என்று கேட்க வீடு கட்டியவர்தான் இல்லை.

ஆசிரியரம்மா ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். பக்க ரேடியேட்டர், பழைய வண்டி, கட்டிலுக்கு அடியில் இரண்டு மூடி. சமையல் மேடை சுமார்தான், விட்டுக்கொடுத்துவிட்டார். ஆசிரியர் இன்னும் அந்தப் பொய் அடுப்பை மறக்கவில்லை.

லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்பீர்கள். மூன்றரை, நல்ல சாலையில் நான்கு கிலோமீட்டர். டாங்க் முந்நூற்றெண்பது லிட்டர். சித்தியிடம் இதைச் சொல்ல வேண்டாம். விசாரித்ததாக மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்