காணாமல் போன எஸ்எஸ்டி: மும்பைத் தமிழர் கையேடு

புது எஸ்எஸ்டி வாங்கி மாட்டியாயிற்று. கம்ப்யூட்டரைப் போட்டால் பழைய சி டிரைவ் மட்டும் வந்து நிற்கிறது, புதியவரைக் காணோம். பதற வேண்டாம். மும்பையில் இதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. அதன்படி நடந்தால் பத்து நிமிஷத்தில் தீர வேண்டிய கோளாறைத் தாராளமாக ஒரு வாரம் இழுக்கலாம்.

முதலில் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. ஃபோனைத் தொட வேண்டும். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று ஒருவர் இருப்பார். மாட்டுங்கா மாமாவாகவோ செம்பூர் அத்திம்பேராகவோ இருக்கலாம். பேங்குக்குக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் கிடைத்த பட்டம், ரிடையர் ஆன பிறகும் செல்லும். அவருடைய முதல் கேள்வி, “எவ்வளவு குடுத்தே?” எந்தத் தொகையைச் சொன்னாலும் அது அதிகம். அடுத்த கேள்வி, “ஆன்லைனா, லாமிங்டன் ரோடா?” எதைச் சொன்னாலும் மற்றதில் வாங்கியிருக்க வேண்டும். பிறகு தீர்ப்பு: “விண்டோஸைத் தூக்கிட்டுப் புதுசாப் போடு.”

இந்தத் தீர்ப்பை மட்டும் பணிவோடு ஒத்திவையுங்கள். விண்டோஸ் கடைசியில் வந்து சேருகிறவர். அவருக்கு முன்னால் பயாஸ் என்று ஒருவர் எழுந்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணி முடித்துவிடுகிறார். அவர் கணக்கில் வராத டிஸ்கை, எத்தனை தடவை புதிதாகப் போட்டாலும் விண்டோஸ் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலீட்டையோ எஃப்2-வையோ தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். எந்தப் பொத்தான் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அங்கே டிஸ்கின் பெயர் இருந்தால் ஒரு வியாதி, இல்லாவிட்டால் வேறு வியாதி. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதனால்தான் யாரும் இதை முதலில் செய்வதில்லை.

பெயர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உங்களுடையது இரண்டரை அங்குலச் சாட்டா டிஸ்க் என்றால் அதற்கு இரண்டு கேபிள் வேண்டும். குறுகலானது டேட்டாவுக்கு, 7 பின். அகலமானது கரெண்டுக்கு, 15 பின். டேட்டா கேபிளை மட்டும் செருகிவிட்டு செட்டா நகர் முருகனுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. வேண்டுவதில் தவறில்லை, பவர் கேபிளையும் செருகிவிட்டு வேண்டிக்கொள்ளுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள், மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இதெல்லாம். (ஸ்டாட்டிக் கரெண்ட் சிப்பைச் சுட்டுவிடும் என்று மாமா எச்சரிப்பார். ஜூலை மாதத்து மும்பையின் ஈரக்காற்றில் அந்தப் பயம் குறைவு. ஆனாலும் கேபினெட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கொள்வது நல்லது.)

பபுள்கம் பட்டை மாதிரி மெலிசாக வரும் எம்.2 டிஸ்க் என்றால் கதை வேறு. பெட்டியில் 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான்; வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாய்வாகச் செருகி, தங்க நிறப் பற்கள் உள்ளே மறையும்வரை தள்ளி, படுக்கவைத்து ஸ்க்ரூ போட வேண்டும். அந்தக் குட்டி ஸ்க்ரூ பெரும்பாலும் போர்டு வாங்கிய பெட்டியில்தான் வந்திருக்கும். அந்தப் பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும். அதற்காக செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள்.

ஸ்க்ரூவும் போட்டாயிற்று, இன்னும் காணோமா? எம்.2 என்பது உருவத்தின் பெயர், பாஷையின் பெயர் அல்ல. அதே உருவத்தில் சாட்டா பேசும் டிஸ்கும் உண்டு, என்விஎம்இ பேசும் டிஸ்கும் உண்டு. மாட்டுங்கா என்று டிக்கெட் எடுத்தவர் சென்ட்ரல் லைனில் இறங்குவார், மாட்டுங்கா ரோடு என்று எடுத்தவர் வெஸ்டர்ன் லைனில் இறங்குவார், இரண்டு பிளாட்பாரத்திலும் நின்றுகொண்டு “வந்துட்டேன், எங்கே இருக்கே?” என்று கத்தினால் சந்திக்க முடியாது. பற்களில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஆபத்து இந்த இரண்டு வெட்டுக்காரரிடம்தான். என்விஎம்இ மட்டும் புரிகிற ஸ்லாட்டிலும் அவர் அழகாகப் போய் உட்கார்ந்துகொள்வார், ஒரு வார்த்தை பேச மாட்டார். உங்கள் ஸ்லாட்டுக்கு எது புரியும் என்று போர்டின் மேனுவலில் அச்சடித்திருக்கிறது. அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கலாம்: இந்த ஸ்லாட்டில் டிஸ்க் மாட்டினால் இன்னின்ன சாட்டா போர்ட் வேலை செய்யாது என்று. புதியது வந்ததும் பழைய டிஸ்க் மறைந்தால் அதுதான் காரணம். யாரும் திருடவில்லை.

மேனுவல் படிப்பது நம் வழக்கமில்லை என்பதால் அடுத்து கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடு. பலகையில் டாக்டர் பட்கம்கர் மார்க் என்று இருக்கும். 1903 முதல் 1907 வரை பம்பாய்க் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவை ஊர் இன்னும் விடவில்லை. கிராண்ட் ரோடில் இறங்கி நடக்கலாம். கடைக்காரர் உங்கள் டிஸ்கை வாங்கித் தன் மெஷினில் மாட்டுவார். உடனே தெரியும். “சல் ரஹா ஹை நா?” என்பார். வரிசையில் நிற்கும் எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். ஆனால் இந்தச் சோதனைக்கு மட்டும் நிகர் கிடையாது: இன்னொரு மெஷினில் தெரிந்தால் டிஸ்க் நல்லது, அங்கேயும் தெரியாவிட்டால் வாரண்டி. பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இதைச் செய்திருக்கலாம் என்பது வேறு விஷயம்.

டிஸ்க் நல்லது என்று தெரிந்த பிறகும் உங்கள் மெஷினில் வராவிட்டால் தாராவிக்கு வாருங்கள். கழித்த கம்ப்யூட்டரையெல்லாம் பிரித்து மேயும் ஊர். தொண்ணூறு அடி சாலைப் பக்கம் இரும்பு ஏணி ஏறினால் ரிப்பேர் பார்க்கிற திருநெல்வேலித் தம்பி யாராவது இருப்பார். அவர் மாமா மாதிரி விலை கேட்க மாட்டார். நேராக பயாஸைத் திறப்பார். பெயர் இருக்கும். (நீங்கள் இதுவரை அங்கே பார்க்கவே இல்லை அல்லவா?)

“டிஸ்கு உசுரோடதான் இருக்கு அண்ணாச்சி. ஆனா விண்டோஸ் லிஸ்ட்ல பேரு இல்ல. எங்க வீடு மாதிரி.”

தாராவி மறுசீரமைப்புக்காக 2024-இல் வீடு வீடாக எண் போட ஆரம்பித்தார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் குடியிருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை, தாராவிக்கு வெளியே தவணை கட்டித்தான். தம்பி இருப்பது மாடியில்.

நல்லவேளை, டிஸ்குக்கு கட்-ஆஃப் தேதி கிடையாது. விண்டோஸ் பொத்தானையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், கீழே கறுப்புப் பட்டையோடு ‘அன்அலோகேட்டட்’ என்று ஒன்று ஒதுங்கிக் கிடக்கும். அதுதான் உங்கள் காசு. இனிஷியலைஸ் கேட்டால் ஜிபிடி-யைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் 2 டிபி-க்கு மேல் எட்டாது. பிறகு பட்டையில் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், ஒரு எழுத்து. தீர்ந்தது. பழைய ஃபோட்டோ இருக்கிற டிஸ்க் இப்படிக் கிடந்தால் மட்டும் இனிஷியலைஸைத் தொடாதீர்கள். டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

மாமாவின் பேச்சைக் கேட்டு விண்டோஸைத் தூக்கியே விட்டவர்களுக்கு: இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான பல லேப்டாப்பில், பயாஸில் தெரிகிற டிஸ்க் விண்டோஸ் போடும் திரையில் தெரியாது. விஎம்டி என்கிற ஏற்பாடு செய்கிற வேலை. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பென் டிரைவில் பிரித்துப் போட்டு, ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் வந்துவிடும்.

இத்தனையும் முடிந்து மாமாவுக்கு ஃபோன் போட்டு, டிஸ்க் தெரிகிறது என்று சொன்னால் அவர், “எவ்வளவு காட்றது?” என்பார். 931 ஜிபி என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஒரு டிபி என்று விற்கிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணிக் காட்டுகிறது, டிஸ்கில் ஒன்றும் குறையவில்லை என்பதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். “பாக்கி அறுபத்தொன்பதை எவன் குடுப்பான்?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மாட்டுங்கா ரோட்டிலிருந்து ஸ்லோ லோக்கல் பிடிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் தடுக்கவே வேண்டாம். அன்றைக்கு லாமிங்டன் ரோட்டில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும்.