தோணி போன தண்ணீர்

மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்த என் வயதுக்காரர்கள், அதில் தோணி போனது என்று பேரப்பிள்ளைகளிடம் சொன்னால், அவர்களை நம்பவைக்கவே ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது. வைக்கோலும் விறகும் ஏற்றிக்கொண்டு, கரையில் ஒருவர் கயிறு பிடித்து இழுக்க, இன்னொருவர் கழி ஊன்றித் தள்ள, எந்த அவசரமும் இல்லாமல் நகர்ந்த தோணிகளைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் தொற்றிக்கொண்டு பார்ப்பதுதான் பள்ளிக்கூடம் விட்டபின் எங்களுக்குக் கிடைத்த பெரிய வேடிக்கை. இப்போது அதே தண்ணீருக்குள் தூண்களை இறக்கி, மேலே பறக்கும் ரயில் ஓடுகிறது. 1997 முதல் திருமயிலைக்கு ரயில் வருகிறது. நானும் அதில்தான் போகிறேன். வெயில் தெரியாமல், நெரிசல் தெரியாமல் போய்ச் சேரும் சுகத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் மட்டும் கண் கீழே போய்விடுகிறது.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தத் துண்டுக் கால்வாயை வெட்டியவர்கள் பசித்த மனிதர்கள். 1876 தொடங்கி 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக, கூலிக்கு மண் சுமந்தவர்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. அந்தப் பள்ளத்தில்தான் நாம் சிப்ஸ் பாக்கெட்டை எறிகிறோம் என்ற நினைப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

அன்றும் தண்ணீர் பன்னீராக இருக்கவில்லை. சாக்கடை அப்போதே கலந்துவிட்டது. கோடையில் வாடை அடிக்கும், கொசு பிடுங்கும், அம்மா ஜன்னலைச் சாத்துவாள். ஆனால் மேலே மிதந்தவை வாழை மட்டை, பூச்சரம், எப்போதாவது ஒரு தேங்காய் மூடி. அதற்கு மேல் எறிவதற்கு எங்கள் வீடுகளில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

மளிகைக்கடைச் செட்டியார் தலைக்கு மேல் தொங்கும் நூல்கண்டிலிருந்து சரசரவென்று நூலை இழுத்து, செய்தித்தாளில் மடித்த துவரம்பருப்புப் பொட்டலத்தைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, சுண்டுவிரலில் ஒரு முடிச்சுப் போட்டு அறுப்பாரே, அந்த வேகத்தை நீங்களும் வாய் பிளந்து பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் பாட்டி அந்த நூலை வெட்டவிட மாட்டாள். முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்து, அலமாரி மூலையில் இருக்கும் நூலுருண்டையில் சுற்றிவைப்பாள். காகிதம் என் பங்கு. யாரோ எங்கோ வாசித்துவிட்டு எடைக்குப் போட்ட வாரப்பத்திரிகையின் தொடர்கதைப் பக்கம் சில நாள் பருப்போடு வந்துவிடும். கதாநாயகி ரயிலேறும் இடத்தில் பக்கம் கிழிந்திருக்கும். அவள் எந்த ஊரில் இறங்கினாள் என்று நானே முடிவு செய்துகொண்டு ஒரு வாரம் திரிவேன். அப்படி நான் முடித்துவைத்த கதைகள் எத்தனையோ.

பூ வாழையிலையில் வந்தது, கட்டியதும் வாழைநார். எண்ணெய்க்குத் தூக்கு, பாலுக்குச் செம்பு, ஓட்டல் சாம்பாருக்கும் தூக்குதான். காய்கறித் தோலுக்கு வாசலில் மாடு காத்திருக்கும். கழுநீரை மாட்டுக்காரம்மா வாளியில் வாங்கிப்போவாள். கிழிந்த புடவை எவர்சில்வர் கிண்ணமாக மாறியது. ஓட்டை வாளியைக்கூட, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவி வருகிறவர் வாங்கிக்கொண்டார்.

பாலிதீன் பை முதலில் வந்தபோது அதையும் நாங்கள் அப்படித்தான் நடத்தினோம். துணிக்கடைப் பெயர் போட்ட வழவழப்பான பையை அம்மா அலசி, கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்தாள். பால் கவரைக் கழுவிச் சமையலறைச் சுவரில் ஒட்டவைப்பாள். காய்ந்து தானே விழும். அடுக்கிச் சேர்த்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுவாள். மழையில் புத்தகம் நனையாமல் பள்ளிக்கூடம் போன முதல் நாள் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! பிறகு பை மெலிந்தது. ஊதினால் பறக்கும் அளவுக்கு மெலிந்த பையைப் பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார். ஷாம்பு, சிப்ஸ், பான் மசாலாப் பாக்கெட்டுகளில் பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் சேர்ந்து ஒட்டியிருப்பதால் பிரித்தெடுத்து உருக்க முடியாது. அவற்றுக்கும் விலை இல்லை. கால்வாய் நிறைந்தது இந்த விலையில்லாத சாமான்களால்தான்.

சென்னை நீர்வழிகளில் இப்போது குறுக்கே மிதவைத் தடுப்பு கட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு. நீரோட்டத்துக்குச் சாய்வாகக் கட்டினால் வருகிற குப்பை ஒரு கரைக்கு ஒதுங்கும்; அங்கே இயந்திரம் நின்று அள்ளும். மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் அருகில் நின்று பார்த்தேன். இரும்புப் பல் ஒரு வாய் அள்ளித் தூக்கியதும் கறுப்பு நீர் ஒழுகியது. ஆகாயத்தாமரை வேர்களில் சிக்கித் தெர்மாகோல் துண்டுகள், ஒற்றைச் செருப்பு, தண்ணீர் பாட்டில்கள், முடிச்சு அவிழாத ஒரு கவரில் வாடிய சாமந்தியும் சாமி படமும். கரையில் கொட்டியதை வாரியால் இழுத்துப் பிரித்துக்கொண்டிருந்தவருக்குக் கையுறை ஒரு கையில்தான் இருந்தது. பாலங்களில் உயரமாகக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். அதற்கு மேலும் எட்டி வீசுகிறவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது.

மிதவை, மேலே வருவதைத்தான் மறிக்கும். சேறு புகுந்து கனத்த பை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், படுகை மேடாகும், பெருமழையில் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்கு வரும். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் அடையாற்றங்கரை மரக்கிளைகளில் கிழிந்த கவர்கள் தொங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்தது என்பதை அவைதான் காட்டின.

நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த அடையாறு உப்பங்கழியின் 58 ஏக்கரைத் தூர்வாரி, அலையாத்தி நட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்களே, அங்கே பறவைகள் வருகின்றன. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. 2021இல் மீண்டும் மஞ்சப்பை என்று அரசே இயக்கம் தொடங்கியது. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு சும்மா கொடுத்த பையை இன்று காசு போட்டு இயந்திரத்தில் எடுக்கலாம். காலம் போட்ட வட்டத்தை நினைத்துச் சிரிப்பு வந்தாலும், அந்தப் பை திரும்பி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

தடுப்பைக் கால்வாயில் கட்டுவதோடு நிற்காமல், தெருவின் மழைநீர் வடிகால் கால்வாயில் விழும் ஒவ்வொரு வாயிலும் ஒரு வலையை மாட்டி, அக்டோபருக்கு முன்பும் மழை நடுவிலும் அதைச் சுத்தம் செய்யவேண்டும். அள்ளுகிறவருக்கு இரண்டு கைக்கும் உறையும், காலுக்குப் பூட்ஸும், ஒழுங்கான கூலியும் தரவேண்டும். விலையில்லாத பாக்கெட்டைத் தயாரிப்பவர்களே திரும்ப வாங்கும்படி சட்டத்தைக் கறாராக நடத்தவேண்டும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: பூஜைப் பூவைக் கவரோடு கொண்டுவந்து பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். பூவைச் செடிக்குப் போடுங்கள், கவரை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போங்கள்.