மேனேஜ்மெண்ட் அங்கிள்

பெங்களூர் விவேக் நகரில் ஒரு நான்கு மாடிக் கட்டடம் இருந்தால் அதில் ஒரு சம்ப் இருக்கும், ஒரு மோட்டார் இருக்கும், ஒரு மேனேஜ்மெண்ட் அங்கிளும் இருப்பார். முதல் இரண்டும் அவ்வப்போது ஓய்வெடுக்கும்.

அங்கிள் முப்பது வருஷம் ஏதோ ஒரு ஆலையில் அதிகாரியாக இருந்தவர். ரிடையர் ஆனது சம்பளத்திலிருந்து மட்டும்தான். மொட்டைமாடியில் துணி காயப்போட வந்தாலும் சட்டைப் பையில் இரண்டு பேனா. வீட்டு அலமாரியில் பீட்டர் டிரக்கர் 1954-இல் எழுதிய 'தி பிராக்டிஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்', பக்கத்தில் திருக்குறள். வள்ளுவர் அரசனுக்காகச் சொன்ன தெரிந்துவினையாடல் அதிகாரத்தை அங்கிள் எங்கள் வாட்ச்மேன் தேர்வுக்குப் பயன்படுத்தினார். நேர்காணல் முக்கால் மணி நேரம் நடந்தது.

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள எங்க பாக்கறீங்க?"

"இதே ஸ்டூல்லதான் சார். சொல்ப குஷன் போட்டுக் குடுத்தா நல்லாருக்கும்."

குஷன் கோரிக்கை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

2024 மார்ச்சில் பெங்களூரே தண்ணீருக்குத் தவித்தது நினைவிருக்கும். போர்வெல்கள் காற்றைக் கக்கின. ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் டேங்கருக்கு 600 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகமே விலை கட்டவேண்டி வந்தது. அங்கிள் கார் ஷெட்டில் வெள்ளைப்பலகையை நிறுத்தி, மூல காரணத்தைக் கண்டுபிடிக்கும் மீன்முள் படத்தை வரைய ஆரம்பித்தார். வாலுக்கு வருவதற்குள் தரைத்தள அக்கா யாரோ ஒரு டேங்கர்காரரை "அண்ணா, அண்ணா" என்று போனிலேயே கரைத்து வண்டியைத் தெருமுனைக்கு வரவழைத்துவிட்டார். பைப்பை இழுத்துப் போட இடமில்லாததால் பலகையை நகர்த்தினோம். அங்கிளுக்கு வருத்தம்தான். தலைப் பகுதி அப்போதுதான் நன்றாக வந்திருந்தது.

சாயங்கால நடையில் சிக்கிக்கொண்டால் ஈஜிபுரா மேம்பாலம் வரை பாடம் உண்டு. 2017-இல் தொடங்கி 2019-இலேயே முடிந்திருக்க வேண்டிய, சுமார் இரண்டரை கிலோமீட்டர் பாலம். இடையில் ஒப்பந்தக்காரரையே மாற்றினார்கள். அங்கிள் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "ரிவ்யூ மீட்டிங் பத்தலப்பா."

அவருக்கு எந்த நோய்க்கும் மருந்து மீட்டிங்தான். இத்தனைக்கும் அவருடைய டிரக்கரே, ஒன்று கூட்டம் போடலாம், இல்லை வேலை பார்க்கலாம், இரண்டும் ஒருசேர நடக்காது என்கிற பொருளில் இன்னொரு புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அங்கிளுக்குத் தெரியாததா? அந்த இடத்தில் சிவப்பில் கோடே போட்டு வைத்திருக்கிறார். மூன்றாம் மாடி ஐடி பையன் துணிந்து ஒருநாள் கேட்டுவிட்டான்.

"அதத்தானே நானும் சொல்றேன்? நான் கூட்டம் போடறேன். நீங்க வேலையப் பாருங்க."

சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், எங்கள் கட்டடம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டார் மக்கர் செய்தால் அங்கிளுக்குச் சேதி போவதற்குள் பிளம்பர் வந்து "ஆய்த்து சார்" என்று கையைத் துடைத்துக்கொண்டிருப்பார். டேங்க் கழுவுவது, பராமரிப்புப் பணம் கட்டுவது எல்லாம் தேதி தவறுவதில்லை. பக்கத்துக் கட்டடம் மட்டும் விதிவிலக்கு. அங்கிள் ரகம் யாரும் கிடையாது, ஜனநாயகம்தான். அங்கே மாடிப்படி விளக்கு எரிந்து ஒரு தீபாவளி ஆகிறது. தண்டனைக்குப் பயந்து வேலை செய்யும் ஊர்களைப் பார்த்திருக்கிறோம். பவர்பாயிண்டுக்குப் பயந்து வேலை செய்யும் கட்டடம் எங்களுடையதாகத்தான் இருக்கும். இந்தத் தலைமைப் பண்பை எந்த நிர்வாகக் கல்லூரியிலும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

போன மாதம் லிஃப்ட் நின்றது. நாற்பது நிமிஷத்தில் மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டுப் போய்விட்டார். அங்கிள் நெகிழ்ந்துபோய் வாட்ஸாப்பில் 'டீம் எம்பவர்மெண்ட்' என்று எழுதி, மூன்று கைதட்டல் போட்டு, இந்த வெற்றியை ஆய்வு செய்ய வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூட்டம் என்று அறிவித்தார்.

வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் விசேஷ நாள். மதம் பார்க்காமல் ஊரே மெழுகுவர்த்தியோடு வரும். அன்று மாலை வேண்டுதல் இருப்பதாகக் குழுவில் முதலில் பதில் போட்டவர் இரண்டாம் மாடி ஐயங்கார் மாமி.