விறகு ரசிகர்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றோ, நிலபுலன்களைப் பிள்ளைகள் வசம் ஒப்படைத்துவிட்டோ, சங்கீதத்திலும் சீட்டாட்டத்திலும் பிறர் காட்டுகிற சிரத்தை முழுவதையும் கொல்லைப்புறத்து விறகின்மேல் செலுத்துகிற கனவான் ஒருவர் ஊருக்கு ஊர் உண்டு. மாசி பிறக்கும்போதே இவருக்கு ஐப்பசி அடைமழையின் கவலை பிறந்துவிடும். கிலோ வந்து இத்தனை காலமாகியும் வீசையிலேயே பேசுகிற இவர், மணங்குக்கு எட்டு வீசை என்றால் பச்சைச் சவுக்கில் மூன்று வீசைக்குக் குறையாமல் ஜலம்தான் என்றும், சொந்தக் கிணறு இருக்கும்போது ஜலத்தை விலை கொடுத்து வாங்க இந்தக் குடும்பத்துக்கு என்ன தலையெழுத்து என்றும் விறகுக் கடைக்காரரிடம் வாதாடிவிட்டு, ஒரு வண்டி விறகை வாங்கியே வருவார்.

அப்புறம் ஆரம்பமாகும் வைபவம். பட்டையைத் தாண்டி ஈரம் சுலபத்தில் வெளியேறாது, அறுத்த முனை வழியாகவும் பிளந்த முகத்தின் வழியாகவுமே போகும் என்கிற தத்துவத்தை, கோடாலியும் கையுமாக நிற்கிற, அதே தொழிலில் தலை நரைத்த மனிதருக்கே உபதேசிப்பார். கறையானுக்கு அஞ்சி அடியில் செங்கல் பரப்பி, இரு கோடியிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டைகளை வைத்து முட்டுக் கொடுத்து, ஆடி மாதத்து மேல்காற்று ஊடே புகுந்து போகும்படி இடைவெளி விட்டு, உச்சியில் மட்டும் கீற்றுப் போட்டு, அவர் எழுப்புகிற அடுக்கை ஒரு சிற்பம் என்றே சொல்ல வேண்டும். மாமனாருக்கு உதவுவதாக எண்ணி அதை நான்கு புறமும் தார்ப்பாயால் மூடிய மாப்பிள்ளை ஒருவருக்கு, அந்த வருஷத் தீபாவளிச் சீர் சற்றுக் குறைந்தே போயிற்று.

சவுக்கின் பிரதாபத்தைத் தொடங்கினாரென்றால், 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டிச் சென்னை ராஜதானியில் சவுக்குத் தோப்புகள் போட்ட சரித்திரம்வரை போய்த்தான் திரும்புவார். முருங்கைக் கட்டையை விறகு என்று சொன்னவரோடு பேச்சுவார்த்தையே கிடையாது. மாலைதோறும் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டி, சுருதி பார்க்கிற மிருதங்க வித்வானைப்போலக் கண்ணை மூடிக்கொள்வார். 'பொத்' என்றால் பச்சை. 'கணீர்' என்றால் பதம். முனையில் வெடிப்பு விட்டிருப்பதைக் கண்டுவிட்டால், பேரன் பரீட்சையில் தேறியதாகச் செய்தி வந்தாலும் காதில் விழாது.

இத்தனைக்கும் உள்ளே அந்த வீட்டு அம்மாள் பன்னாடையையும் தென்னை மட்டையையும் அடுப்பில் திணித்து, ஊதுகுழலும் கண்ணீருமாகச் சமைத்துக்கொண்டிருப்பார்.

"நாலு கட்டை எடுத்துக்கொள்ளட்டுமா?"

"அடியில் இழுத்தால் சரிந்துவிடும். மேலே எடுத்தால் கீற்றைப் பிரிக்க வேண்டும். நடுவில் எடுக்கலாம், ஆனால் அது இன்னும் ஒரு மாதம் காயட்டுமே!"

அந்த ஒரு மாதம் எந்தப் பஞ்சாங்கத்திலும் வருவதில்லை. ஐப்பசி வந்ததும், மழையில் அடுக்கைக் கலைப்பது மகா பாபம் என்று புதிய சாஸ்திரம் பிறக்கும். நடுவில் தேள் இருக்கிறது என்பார். அது மட்டும் உண்மை.

உங்கள் தெருவில் இத்தகையவர் இருந்தால், வீட்டு விசேஷத்துக்கு விறகு கைமாற்றுக் கேட்டு மட்டும் போய்விடாதீர்கள். உட்கார நாற்காலி தருவார், மோர் தருவார், விறகு உலர்த்தும் முறையைப் பொழுது சாயும்வரை சொல்லித் தருவார், விறகு தரமாட்டார்.