மச்சில் கடல் ஏற்றுவது எப்படி?

இரண்டடித் தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாக்க மிதக்க ஆரம்பித்துவிட்டனவா? நல்ல செய்தி. நீங்கள் ஆறடித் தொட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டீர்கள். மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் தன் கடல்மீன் தொட்டியைப் பெரிதாக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகத் தருகிறேன். பாதிக்கு மேல் நீங்கள் இப்போதே செய்துகொண்டிருப்பவைதான். மிச்சமும் கைவந்துவிடும், கவலை வேண்டாம்.

1. பழியைத் தொட்டியின் மேல் போடுங்கள்.

மீன் செத்ததற்குக் காரணம் தொட்டி சின்னது, அவ்வளவுதான். தண்ணீர் மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுங்கள். உங்கள் கட்சிக்கு ஓர் உண்மையும் துணை இருக்கிறது: தண்ணீர் அதிகம் இருந்தால் உப்பும் சூடும் மெதுவாகத்தான் மாறும், ஆகவே கவனமாகப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பெரிய தொட்டி சுலபம். வீட்டில் சொல்லும்போது ‘கவனமாக’ என்பதை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

2. குடும்பக் கூட்டம் நடத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, இட்லி முடிந்த கையோடு. “எல்லாருமாச் சேர்ந்து பாத்துக்கலாம்” என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறட்டும். யாருக்கு எந்த வேலை என்று மட்டும் தாளில் எழுதிவிடாதீர்கள். எழுதாத வரை, தண்ணீர் மாற்றுவது அப்பாவின் வேலை என்று மகனும், மகனின் வேலை என்று அப்பாவும், இருவரில் ஒருவர் செய்திருப்பார் என்று அம்மாவும் நிம்மதியாகத் தூங்கலாம்.

தீனி போடுவது வேறு கதை. அதை நான்கு பேரும் செய்வார்கள், ஒருவருக்கொருவர் சொல்லாமல். பாட்டி விளக்கேற்றிய கையோடு ஒரு சிட்டிகை. மகன் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு சிட்டிகை. அம்மா மதியம். அப்பா அலுவலகம் விட்டு வந்ததும், குற்ற உணர்ச்சியோடு, இரண்டு சிட்டிகை. கண்ணாடிப் பக்கம் ஆள் வந்தால் மீனும் வரும்; அதைப் பசி என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீன் தின்னாமல் விட்டது அடியில் அழுகி அம்மோனியா ஆகட்டும். அதற்கு ஆறாவது படியில் வேலை இருக்கிறது.

3. இடத்தை மச்சிலேயே பாருங்கள்.

பஜார் ரோட்டை ஒட்டிய பழைய வீடு என்றால் மச்சுக்கு மரத்தளம் இருக்கும். ரொம்ப நல்லது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 680 லிட்டர். உப்புத் தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். கண்ணாடி, கல், மணல், இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன் பக்கம் வரும். குடியிருக்கும் வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. உங்கள் தொட்டியின் அடியில் அது 900ஐ எட்டும்.

இந்தக் கணக்கைப் பொறியாளரிடம் காட்டாதீர்கள், மாமாவிடம் காட்டுங்கள். “அந்தக் காலத்துல இந்தத் தளத்துல மிளகு மூட்டையா அடுக்கி வெச்சிருந்தாங்க மாப்ளே, ஒன் மீனா பாரம்?” என்பார். மிளகு மூட்டை ஒழுகாது, உத்தரத்தை ஈரமாக்காது, உப்புச் சாரல் அடித்து ஆணியைத் துருவாக்காது என்றெல்லாம் குறுக்கே பேச வேண்டாம். வீட்டுக்குப் பெரியவர்.

மச்சிலும் மேற்குச் சன்னல் ஓரம்தான் உத்தமம். சாயங்கால வெயில் நேரே விழுந்து பாசி செழிக்கும்.

1909இல் சென்னை மெரினாவில் மீன்காட்சிச்சாலை கட்டினார்கள். முன்னின்றவர் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன். அவர் தொட்டியைக் கடலோரத்துக்குக் கொண்டுபோனார். நீங்கள் கடலை மாடிப்படி ஏற்றுகிறீர்கள். யாருக்குத் துணிச்சல் அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

4. வாங்கிய பிறகு அளந்து பாருங்கள்.

படிக்கட்டு எங்கே திரும்புகிறது, திருப்பத்தில் ஆறடிக் கண்ணாடி நுழையுமா என்பதெல்லாம் தொட்டி வாசலுக்கு வந்த பிறகு தெரிந்தால் போதும். கேரளத்தில் வேலை செய்யாமல் வேடிக்கை பார்த்ததற்கே கூலி கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசு தடை செய்துவிட்டது. இப்போது நின்று வேடிக்கை பார்ப்பதெல்லாம் உங்கள் குடும்பத்தார்தான், அதுவும் இலவசமாக.

5. தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

இங்கேதான் நம் ஆட்கள் முழுத் திறமையையும் காட்டுகிறார்கள். கடல் இருக்கிற ஊரில் உப்புப் பொட்டலம் வாங்குவதா? ஸ்கூட்டரில் நான்கு கேன் கட்டிக்கொண்டு ஃபோர்ட் கொச்சிக்குப் போங்கள். சீனவலைக்குப் பக்கத்திலேயே மொள்ளுங்கள். ஜூலை மாதம் போனால் சிறப்பு. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் பல, பெரியாற்றின் ஒரு பங்கு உட்பட, காயல் வழியாக அந்த முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர்கின்றன. மழைக்காலத்தில் மேல்மட்டத் தண்ணீரில் உப்பு வெகுவாக இறங்கிவிடும். வலைகளில் ஆகாயத்தாமரை வந்து சிக்கும். அது உப்பில் பிழைக்காத செடி. அது பச்சையாக மிதந்து போகிறது என்றால் நீங்கள் மொள்வது ஆற்றுத் தண்ணீர். செடியை ஒதுக்கிவிட்டு மொள்ளுங்கள். படகு டீசல் மேலே வானவில் காட்டினால் அழகை ரசியுங்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வேலியேற்றம், அதாவது கடல் ஏற்றம், வரை காத்திருக்கலாம். தாழ்ந்த தெருக்களில் காயல் தானாகவே வாசலுக்கு வரும், வழியில் ஓடைச் சாக்கடையையும் கூட்டிக்கொண்டு.

கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்க வேண்டும். அதைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் குழாய் விற்கிறார்கள். ஒரு சொட்டு விட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தால் கோடு காட்டும். உங்களுக்கு எதற்கு? சாம்பாருக்கு உப்புப் பார்க்கிற மாதிரி பாட்டி ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துச் சொல்லட்டும். குறைவு என்றால் சமையலறையிலிருந்து பொடியுப்பை அள்ளிப் போடுங்கள். அதில் சோடியம் குளோரைடும் அயோடினும் போக மெக்னீசியம், கால்சியம் என்று கடலில் உள்ள மற்றவை இருக்காது. நமக்குத்தான் கேழ்வரகு இருக்கிறது. மீன் எங்கிருந்தோ சமாளித்துக்கொள்ளட்டும்.

நாளுக்கு நாள் தண்ணீர் ஆவியாகித் தொட்டியில் மட்டம் குறையும். உப்பு ஆவியாகாது, ஆகவே குறைந்ததற்கு ஈடாக நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மேற்குக் கொச்சியில் குடிக்கவே குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வருவதில்லை, லாரிக்குக் காத்திருக்கிறோம். மீனுக்கு ஏது நல்ல தண்ணீர்? மறுபடியும் உப்புத் தண்ணீரையே ஊற்றுங்கள். ஒரு மாதத்தில் பாட்டியின் விரல் எரியும்.

6. பழைய கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

இந்தப் படியைத் தவறவிட்டால் மற்ற பாடெல்லாம் வீண், மீன் பிழைத்துக்கொள்ளும்.

மீனின் கழிவும் அழுகிய தீனியும் அம்மோனியா ஆகும். அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கொடியதல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிறவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். பழைய தொட்டியில் உங்களையும் மீறி இத்தனை நாள் வேலை பார்த்தவை அவைதான். அவை தண்ணீரில் அதிகம் இல்லை. கல்லிலும், வடிகட்டியின் பஞ்சிலும், மணலின் மேலும் ஒட்டிக் குடியிருக்கின்றன. அந்தக் கல்லையும் பஞ்சையும் கடல்நீரிலேயே ஈரமாக வைத்துப் புதுத் தொட்டிக்குக் கொண்டுபோனால் பாதிக் குடித்தனம் கூடவே வந்துவிடும்.

ஆகவே அம்மாவிடம் கொடுங்கள். “ஐயே, இந்த அழுக்கையா புதுத் தொட்டியில வைக்கிறது?” என்று பிளீச்சிங் பவுடர் போட்டுத் தென்னை நார் கொண்டு தேய்ப்பார். கல் வெள்ளை வெளேரென்று ஆகும். எல்லோரும் பாராட்டுங்கள்.

புதிதாக அந்த பாக்டீரியாக்கள் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அத்தனை நாள் மீனில்லாத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார நாம் என்ன முனிவர்களா? மச்சினியும் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். சனிக்கிழமை தண்ணீர், ஞாயிறு காலை மீன்.

7. மீனைச் சினிமா பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

2003இல் வந்த கோமாளி மீன் கார்ட்டூன் படத்தைக் குழந்தைக்கு மறுபடி போட்டுக் காட்டுங்கள். ஆரஞ்சுக் கோமாளி மீன் ஒன்று, நீல டாங் ஒன்று. நீல டாங் ஒரு அடி வரை வளரும், நாளெல்லாம் நீந்தித் திரியும் மீன். வாங்கும்போது உள்ளங்கையில் அடங்குகிறதே, அது போதும்.

காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. 1947இலிருந்து கடலைப் படிக்கிறவர்கள். அவர்களுடைய மண்டபம், விழிஞ்ஞம் மையங்களில் கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையையே வகுத்துவிட்டார்கள். அப்படித் தொட்டியிலேயே பிறந்த குஞ்சு தொட்டிக்குப் பழகியது, குருணைத் தீனியைத் தயங்காமல் தின்னும். அதனால் சுவாரசியம் குறைவு. பாறையிலிருந்து பிடித்து, பையில் பல ஊர் சுற்றி, மிரண்டுபோய் வந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு தகவல்: கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே தொடங்குகின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகும். அது செத்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறிவிடும். படத்தின் தொடக்கத்திலேயே தாய் மீன் செத்துவிடுகிறது. இயற்கைப்படி அப்பாவே அம்மாவாகி இருக்க வேண்டும். இதைப் பந்தியில், மாமாவுக்குச் சோறு பரிமாறும்போது சொல்லுங்கள்.

8. பவளத்துக்கு ஆசைப்படுங்கள்.

2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்களும் கடற்குதிரையும் கடலட்டையும் சேர்க்கப்பட்டன. முதல் அட்டவணை உயிர் மேல் கைவைத்தால் சிறை 3 ஆண்டுக்குக் குறையாது, 7 வரை போகலாம். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “உங்களுக்காகத்தான் சேட்டா” என்றால் பெருமைப்படுங்கள். படம் எடுத்து முகவரியோடு எல்லாருக்கும் அனுப்புங்கள்.

9. மின்சாரத்தை நம்புங்கள்.

மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும், அலை நிற்கும், முதலில் தீருவது ஆக்சிஜன். சூடான தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் அது குறைவாகத்தான் கரையும். கொச்சியில் உங்கள் தொட்டி இரண்டுமே. இன்வெர்ட்டரில் ஒரே ஒரு இணைப்புக்குத்தான் இடம் என்றால் வைஃபைக்குக் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொட்டிக்கு நேர் கீழே வையுங்கள். ஒயர் வழியாக வழியும் நீர் பிளக் வரை போய்ச் சேர்ந்து ஈ.எல்.சி.பி. விழுந்துகொண்டே இருந்தால் அதைத் திட்டுங்கள், ஈரத்தைத் துடைக்காதீர்கள்.

10. பழைய தொட்டியை முதல் நாளே தள்ளிவிடுங்கள்.

புது மீனைச் சில வாரம் தனியே வைத்து நோய் பார்க்க அந்த இரண்டடித் தொட்டி மிகப் பொருத்தம். அதனாலேயே அது வீட்டில் இருக்கக் கூடாது. பாட்டியின் துளசிக்குக் கொடுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் ஒரு மீனோடு வந்து எல்லா மீனுக்கும் சமமாகப் போய்ச் சேரட்டும். பிறகு ஆளுக்கொரு வைத்தியம்: மகன் தாமிர மருந்து, பாட்டி மஞ்சள், அப்பா இணையத்தில் பார்த்த ஏதோ ஒன்று. தாமிரம் இறாலையும் நத்தையையும் கொல்லும். யார் எதைப் போட்டோம் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். குடும்பத்தில் சண்டை எதற்கு?

11. கோடை விடுமுறைக்கு எல்லோருமாகத் திருநெல்வேலி கிளம்புங்கள்.

நன்றாக இருக்கும் மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும். இருந்தாலும் பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியையும் தீனி டப்பாவையும் முழுசாகக் கொடுத்து, “கஞ்சத்தனம் பண்ணாதே தம்பி, தாராளமாப் போடு” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறுங்கள். திரும்பி வந்ததும் பாட்டியை முதலில் மச்சுக்கு அனுப்புங்கள். நாக்கு அவ்வளவு கூர்மை என்றால் மூக்கும் இருக்கும்.