வண்டிக்கு அடியில் ஒரு மாமா

ஃபோர் பை ஃபோர் வாங்கலாமா என்று வீட்டில் மெதுவாகப் பேச்சு எடுத்தால் போதும், மறுநாள் காலை மாமா வாசலில் நிற்பார். யார் சொன்னது என்று கேட்டுப் பயனில்லை. மாமாக்களுக்குத் தெரிந்துவிடும்.

கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஷோரூம்களுக்குக் குறைவில்லை. அங்கே வேலை பார்க்கும் பையன்கள் எல்லோருக்கும் இவரைத் தெரியும். இல்லையென்றால் இவர் மாதிரி இன்னொருவரைத் தெரியும். "உக்காந்து பாருங்க சார்" என்று கதவைத் திறந்துவிடுகிறார்கள். நாம் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவி, மேலே கண்ணாடிக் கூரை திறக்குமா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் மாமாவைக் காணோம். பின்பக்க பம்பருக்கு வெளியே வேட்டி கட்டிய இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பையன் கொடுத்த வழவழப்பான பிரௌச்சர் அவர் முதுகுக்கு அடியில் இருக்கிறது. பிரௌச்சரால் மாமாவுக்கு ஆகிற ஒரே உபயோகம் அதுதான்.

அடியிலிருந்து குரல் வரும். "மாப்ளே, இங்க வந்து பாருங்க."

பார்ப்பதென்றால் படுக்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையோடு நானும் படுப்பேன். பாவம், விற்பனைப் பையனும் டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு படுப்பான். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் மாமா பாடம் நடத்துவார். "இதா இதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸு. கியர் பாக்ஸ்ல இருந்து வர்ற இழுவைய முன்னாடிக்கும் பின்னாடிக்கும் பிரிச்சுக் குடுக்கறது இது. இதா, இங்கிருந்து முன்னாடிக்கு ஒரு ஷாஃப்ட் போகுதுங்களா? இது இல்லீன்னா மேல என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அது ஜீப்பு இல்லீங்க. ஒசரமான காரு."

அடுத்தது சாண். கம்பெனி போடும் கிரவுண்ட் கிளியரன்ஸ் கணக்கை மாமா நம்ப மாட்டார். கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, சுண்டுவிரலை விரித்து, பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டையைத் தொட்டுப் பார்ப்பார். தொட்டுவிட்டால் முகம் சுருங்கும். எட்டவில்லை என்றால்தான் திருப்தி. "பாடி எத்தன ஒசரத்துல இருந்து என்னங்க பண்றது? கல்லு வந்து இடிக்கறது இந்த உருண்டையிலதானுங்க." மகிந்திரா தாருக்கு 226 மில்லிமீட்டர், மாருதி ஜிம்னிக்கு 210 என்று கம்பெனிகள் சொல்கின்றன. மாமாவின் சாண் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஆகவே தார் பாஸ், ஜிம்னி ஃபெயில். அவருடைய விரல் அரை அங்குலம் குட்டையாக இருந்திருந்தால் ஜிம்னியின் தலையெழுத்தே வேறு. பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்களின் முகத்தில் ஒரு சந்தேகம் இருக்குமே, எழுந்து வேட்டியைத் தட்டும்போது மாமா முகத்திலும் அதுதான் இருக்கும்.

ஷோரூமோடு இது நிற்பதில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனால் பார்க்கிங்கில் நாலு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மொய் எழுத வருவார். பந்தியில் யார் வேட்டியிலாவது கிரீஸ் கறை தெரிந்தால் மாமா வந்தாயிற்று என்று அர்த்தம். துக்க வீட்டிலும் பார்த்திருக்கிறேன். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, அமரர் ஊர்தியின் அடியில். பெரிய மால்களின் வாசலில் செக்யூரிட்டிக்காரர் நீளக் கம்பில் கண்ணாடி வைத்து வண்டிக்கு அடியில் நீட்டிப் பார்ப்பார் இல்லையா? அந்த வேலை மேல் மாமாவுக்குத் தீராத பொறாமை. ஒரு நாள் எங்கள் வாடகைக் காரைச் சோதிக்க வந்தவரிடம் அந்தக் கம்பை வாங்கிக்கொண்டு, எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டிக்குப் போய்விட்டார். அது ஃபோர் பை ஃபோர் ஃபார்ச்சூனர். அதற்கும் பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். "இருங்க, இருங்க" என்று கையைக் காட்டிவிட்டு மாமா பார்த்தார். செக்யூரிட்டிக்காரரும் பக்கத்தில் குனிந்து, அன்றுதான் முதல்முறையாக, தான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன என்று தெரிந்துகொண்டார்.

நியாயமாகச் சொன்னால், இந்த விஷயத்தில் மாமா தனி ஆள் இல்லை. அரசாங்கமும் குனிந்துதான் பார்க்கிறது. 4 மீட்டருக்கு மேல் நீளம், 1500 சி.சி.க்கு மேல் எஞ்சின், 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கிரவுண்ட் கிளியரன்ஸ் இருந்தால் வரியில் அது தனி ஜாதி என்று ஜி.எஸ்.டி.க்காரர்கள் வைத்திருந்தார்கள். அந்த 170-ஐ ஆள் ஏற்றி அளப்பதா, வெறும் வண்டியாக அளப்பதா என்று ஒரு சந்தேகம் வந்து, 2023 ஜூலையில் கவுன்சில் கூடி, வெறும் வண்டியாகத்தான் என்று தீர்த்துவைத்தது. மாமா அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்திருக்கிறார். 2025 செப்டம்பரில் பெரிய வண்டிகளுக்கெல்லாம் ஒரே 40 சதவீதம் என்று ஆனது வேறு கதை.

மாமாவிடம் கிரவுண்ட் கிளியரன்ஸ் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அவர் நம்மிடம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

நான் ஓட்டுவது வீட்டிலிருந்து ஆபீஸுக்கு. மாதம் ஒருமுறை ஊட்டியோ வால்பாறையோ. இடையில் ஆனைமலைப் பக்கம் மனைவி வீட்டுத் தென்னந்தோப்பு; அங்கே கடைசி இரண்டு ஃபர்லாங் மண் பாதை, மழைக்காலத்தில் சேறு. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடு. கொல்லிமலையில் 70 வளைவு, அதுவும் தார் ரோடு, பஸ் போகிறது. மகிந்திரா தாரிலும் ஜிம்னியிலும் இருப்பது வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் ஃபோர் வீல் டிரைவ். காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டவே கூடாது. வளைவில் முன் சக்கரம் உருளும் தூரமும் பின் சக்கரம் உருளும் தூரமும் வேறு வேறு. அதைச் சரிக்கட்ட நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் இல்லாததால் உள்ளே எல்லாம் முறுக்கிக்கொள்ளும். லட்சக்கணக்கில் கூடக் கொடுத்து வாங்கிய சாமானை, நான் போகும் ரோட்டில் எல்லாம் அணைத்துத்தான் வைக்க வேண்டும். மழையில் நனைந்த மலை ரோடுதான் கவலை என்றால், வழுக்கும்போது தானாக இழுவையைப் பகிர்ந்துகொள்ளும் ஆல் வீல் டிரைவ் போதும். இதை மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அது வேறைங்க மாப்ளே" என்றார். நான் வேறு ஜாதியில் பெண் எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தால்கூட அவர் குரல் அப்படி இறங்கியிருக்காது.

மாமாவுக்குள்ளும் ஒரு தேவை இருக்கிறது; அது அவருடைய தேவை. அவர் மனதில் எப்போதும் ஒரு காட்டாறு ஓடிக்கொண்டிருக்கிறது. வேளச்சேரியில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவருக்கு, 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும் வண்டி என்று சொல்லி வாங்க வைத்தார். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தினார்களே, அந்த வரிசையில் இவர் வண்டியும் நின்றது. மாமாவுக்கு அது பெரிய அவமானம். "பாலத்து மேல நிறுத்தறதுக்கு எதுக்குங்க 650?" என்று போனில் கத்தினார். உறவினர் விவரமானவர். வெள்ளத்தில் வண்டியைக் காப்பாற்றுவது நாலு சக்கர இழுவை இல்லை, எஞ்சின் காற்று உறிஞ்சும் குழாயின் உயரம். அதற்கு மேல் தண்ணீர் போனால் எல்லா வண்டியும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும்.

கொழுக்குமலைக்குப் போனபோது மாமாவையும் கூட்டிப் போயிருந்தோம். சூரியநெல்லியிலிருந்து மேலே ஏறுவதற்கு அங்கத்து ஜீப்புகள்தான். பாதை என்று சொல்ல முடியாது. பாறைகளை உருட்டிவிட்ட மாதிரி இருக்கும். ஓட்டுநர் ரப்பர் செருப்பு போட்ட பையன். ஏறுவதற்கு முன் மாமா வழக்கம்போல அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஏந்தம்பி, இதுல டிஃப் லாக் இருக்குதுங்களா?" என்றார்.

"அதெல்லாம் தெரியாது சார். போவும்."

போயிற்று. வழி முழுக்க மாமா ஒன்றும் பேசவில்லை.

மற்ற குணங்களையும் சொல்ல வேண்டுமானால், அவர் இதுவரை ஒரு ஃபோர் பை ஃபோரும் வாங்கியதில்லை. ஓட்டுவது பழைய மாருதி 800. ஐந்து கதவு ஜிம்னி வரட்டும் என்றார், 2023-ல் வந்தது. ஐந்து கதவு தார் வரட்டும் என்றார், 2024-ல் ராக்ஸ் வந்தது. அதே வருஷம் கூர்க்கா ஜீப்பும் ஐந்து கதவோடு வந்தது. இப்போது அடுத்து வரப்போவதற்காகக் காத்திருக்கிறார். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவே இன்னொரு எடத்தையும் பாத்துட்டுச் சொல்றேன்னு போனவருதானே" என்பார் அத்தை.

ஆனால் போன மழைக்கு நடந்ததைச் சொல்லாவிட்டால் பாவம். மாமா பரிந்துரைத்து மைத்துனர் வாங்கிய வண்டி தோப்பு வழியில் சேற்றில் மாட்டிக்கொண்டது. ஃபோர் லோ போட்டாகிவிட்டது. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்மூலைச் சக்கரமும் சும்மா சுற்றுகின்றன. மண்ணைப் பிடித்திருக்கும் மற்ற இரண்டும் அசையவில்லை. டிஃபரன்ஷியலின் புத்தி அப்படி. எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதையே சுற்றவிடும். டிராக்டருக்குச் சொல்லியனுப்பினோம். இருட்டுகிற நேரத்தில் மாமா வந்தார். 800-ஐத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். ஆக்சிலேட்டரை விடச் சொன்னார். சாவி நுனியால் ஒவ்வொரு டயரிலும் வால்வை அழுத்தி, உஸ்ஸென்று காற்று போகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, போதும் என்று தோன்றியபோது நிறுத்தினார். தோப்பில் கிடந்த காய்ந்த தென்னை மட்டைகளைச் சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே அடுக்கினார். "இப்ப மெதுவா விடுங்க. மிதிக்காதீங்க." வண்டி மட்டையை நொறுக்கிக்கொண்டு வெளியே வந்தது. முழங்கால் வரை சேறோடு மாமா நின்றுகொண்டு, "வண்டி மேல தப்பில்லீங்க, டயருதான். தார் ரோட்டு டயரு, இடுக்குல மண்ணு அப்பிருச்சு" என்றார். அந்த முகத்தைப் பார்த்தால் அவருக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது.

என் கோபம் வேறு. இத்தனை சாண் அளந்தவர் என் அம்மாவின் முழங்காலை அளக்கவில்லை. அடி உயர்ந்தால் படியும் உயரும். மாமா சிபாரிசில் மூன்று கதவு வண்டி ஒன்றை டெஸ்ட் டிரைவுக்கு வீட்டுக்கு வரவழைத்தோம். பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி, அந்தச் சந்துக்குள் ஒரு காலைத் தூக்கி வைத்து, உள்ளே குனிந்து நுழைய வேண்டும். எழுபது வயது அம்மா ஒரு காலை மேலே வைத்துவிட்டு, மறு காலைத் தூக்க முடியாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் பஸ்ஸுலயே வர்றேன் சாமி" என்றார். அந்த நேரத்தில் மாமா எங்கே? முன் பம்பருக்கு அடியில். ஏறுகோணம் 41 டிகிரிக்கு மேல் இருக்கிறதாம். அம்மாவுக்கு ஏறுகோணம் எவ்வளவு என்று யார் பார்ப்பது? வண்டி வாங்குபவன் அதன் மேலே உட்கார்ந்துதான் போகிறான். பெண்டாட்டி, பிள்ளை, இரண்டு பெட்டி, ஒரு சிப்பம் தேங்காய் எல்லாம் மேலேதான் வருகின்றன. மேலே நிமிர்ந்து ஒரு தடவை பார்த்திருந்தால் எனக்கு ஆறு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் மாமாவுக்குச் சொல்லாமல் புக் பண்ணினேன். ஐந்து கதவு, அகலமான படி, பின் சக்கர இழுவை மட்டும். டயரை மட்டும் சேற்றுக்கும் ஆகிற மாதிரி மாற்றிக்கொண்டேன். அது மாமாவிடம் கற்றது. ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலில் பூஜை. மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அம்மா ஏறி உட்கார்ந்து கதவையும் தானே சாத்திக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தால் கூட்டத்தில் மாமா. யார் சொன்னது என்று கேட்டுப் பயனில்லை என்று முதலிலேயே சொன்னேனே.

எலுமிச்சம்பழத்தைப் பார்ப்பவர் மாதிரி குனிந்தார். கொஞ்ச நேரம் எழவில்லை. முன்னாடிக்குப் போக வேண்டிய ஷாஃப்டைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் குருக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"எலுமிச்சம்பழம் நாலு வெச்சிருக்கீங்க மாப்ளே. இழுக்கறது ரெண்டு சக்கரந்தானுங்களே?"

குருக்கள் சிரித்துவிட்டார். தட்சணையில் ஐம்பது ரூபாயைக் குறைத்துக்கொண்டேன்.